மூன்றாவது மண்

பொக்லைன் ஓட்டுகிறவனுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று வீரையா கேட்டார். கேட்டது மிசினின் சொந்தக்காரர் வாவு முகம்மதுவிடம். அவர் பதினெட்டு வருசம் துபாயில் கிரேன் ஓட்டிவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பி வந்து, இரண்டு பொக்லைன் வாங்கி வேலைக்கு விட்டிருப்பவர்.

"பத்து வருச நீர்த்திட்டமாம். ராமநாதபுரத்துல மூணு நாளு பயிற்சி. போயி உக்காந்து கையெழுத்துப் போட்ட ஆபரேட்டருக்குத்தான் இனிமே ஊருணி வேலை" என்றார் வாவு முகம்மது.

"நான் அஞ்சாங்கிளாசு பாய்."

"நான் மட்டும் என்ன டாக்டரா? போய் உக்காருப்பா. டீ குடுப்பாக, மிக்சர் குடுப்பாக. தூக்கம் வந்தாப் பின்பெஞ்சுல தூங்கு. குறட்டை மட்டும் விட்றாத, என் மிசின் பேரு கெட்டுப்போகும்."

வீரையாவுக்கு நாற்பத்தொன்பது வயது. சொந்த ஊர், சிக்கல் என்கிற ஊருக்குத் தெற்கே. அய்யாவுக்கு இருந்தது மானாவாரி நிலம். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலங்கட்டை. அந்த இரண்டும் பிடிக்காமல் பதினைந்து வயதில் ஒரு மிசினுக்குக் கிளீனராகப் போனார். கிரீஸ் அடித்து, டீசல் சுமந்து, ஆபரேட்டர் சாப்பிடப் போன நேரத்தில் லீவரைத் தொட்டுப் பார்த்துத் தொழில் கற்றவர். கண்மாய்க் கரை போட்டிருக்கிறார். தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணைக்குக் குழி வெட்டியிருக்கிறார். அறுபது ஊருணிக்கு மேல் தூர் வாரியிருக்கிறார்.

ஊருணி என்றால் இந்தச் சீமையில் குடிதண்ணீர். மாடு குளிக்கிற குளம் வேறு, வயலுக்குப் பாய்கிற கண்மாய் வேறு. ஐப்பசி கார்த்திகை மழையை வாங்கி வைத்துக்கொண்டு ஆனி ஆடி வரைக்கும் ஊர் குடிப்பது ஊருணியில். அதில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். ஆடு மாடு இறங்காமல் சுற்றிலும் முள் அடைத்திருக்கும். செருப்பைக் கரைமேலேயே கழற்றிவிட்டுத்தான் படியில் இறங்க வேண்டும்.

ஊருணியின் அடியில் என்ன இருக்கிறது என்று வீரையாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். லீவரைப் பிடித்த உள்ளங்கை சொல்லிவிடும். மேலே கிடக்கிற வண்டல் கணக்கில் சேராது, அது மழை இழுத்து வந்த குப்பை. அதற்குக் கீழே முதல் மண், களி. பக்கெட்டில் பாளம் பாளமாகப் பிய்ந்து வரும். தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். இரண்டாவது மண் சுக்கான், சுண்ணாம்புக் கட்டி. ஒரு அடி, ஒன்றரை அடி இருக்கும், பக்கெட்டின் பல் பட்டால் நறநறவென்று உடம்பெல்லாம் கூசும். அதையும் உடைத்துக்கொண்டு போனால் பக்கெட் சட்டென்று லேசாகிவிடும். தெரியாத வீட்டில் இருட்டுக்குள் படி இறங்கும்போது, இருக்கும் என்று நினைத்த கடைசிப் படி இல்லாமல் போனால் கால் எப்படித் திடுக்கிடுமோ அப்படிக் கை திடுக்கிடும். அதுதான் மூன்றாவது மண். வெளுத்த மணல். கடல் எத்தனை கல் தொலைவில் இருந்தாலும் அந்த மணலுக்குள் உப்பு நிற்கிறது.

இதை வீரையா கற்றுக்கொண்டது ஒரே ஒரு ஊருணியில். அதுவும் அது கெட்டுப்போன பிறகு.

*

பயிற்சி மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பொக்லைன்காரர்கள், ஊராட்சிச் செயலர்கள், கண்மாய்ச் சங்கத்து விவசாயிகள். பாடம் எடுத்தவர் ஜெயப்பிரியா என்ற திட்ட அலுவலர். நாற்பதை நெருங்கிய பெண், தொண்டை கட்டியிருந்தது, அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் பதினாலு நீலப் புள்ளி. பக்கத்தில் ஒரு பட்டியல். பதினாலு ஊர்ப் பெயருக்கும் நேராக 'உத்தேச ஆழம்' என்று ஒரு கட்டம், பதினாலிலும் ஒரே எண்: 12 அடி.

"திட்டம் பத்து வருசத்துக்கு. ஆனா நீங்க வெட்டுற குழி அம்பது வருசத்துக்கு அங்கேயே கெடக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி யோசிச்சா அது திட்டம். வெட்டுன பிறகு யோசிச்சா அது வெறும் வருத்தம்" என்றார் ஜெயப்பிரியா.

பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். தாங்கள் செய்த வேலையில் தப்பாகப் போனது ஒன்றை எழுதச் சொன்னார். எழுதியவர் பெயர் வேண்டாம் என்றார்.

சீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் தாள். நாலு சீட்டில் 'டீசல் திருட்டுப் போனது' என்று இருந்தது. ஒன்றில் 'கல்யாணம்' என்று எழுதியிருந்தது. மண்டபமே சிரித்தது. ஜெயப்பிரியாவும் சிரித்துவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தார்.

"இதுல 'செம்பொட்டல்'னு ஒரு ஊர்ப்பேரு மட்டும் இருக்கு. எழுதுனது யாரு?"

ஜெயப்பிரியா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்தார்.

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நாம பார்க்கப் போறதே செம்பொட்டல் ஊருணியத்தான்."

பின்பெஞ்சில் இருந்த வீரையா மிக்சர் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பேனாவைக் கையில் கொடுத்தால் கை தானாக எழுதிவிடுகிறது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

*

செம்பொட்டல் அவருடைய மனைவி சண்முகவள்ளி பிறந்த ஊர். ஏழு வருசத்துக்கு முன்னால் பெரிய வறட்சியில் அந்த ஊருணி வெடித்துக் கிடந்தது. ஊர்க் காரியம் பார்ப்பது சண்முகவள்ளியின் அண்ணன் முத்துராமலிங்கம். மிசின் ஓட்டுகிற மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாளை எதற்குக் கூப்பிட வேண்டும்? வீரையா போனார்.

எட்டடியில் வேலை முடிந்திருக்க வேண்டும். அடியில் களி வழவழவென்று, தகடு மாதிரி நின்றது. கரைமேல் ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. தண்ணீருக்கு ஏங்குகிற ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. எவன் எவ்வளவு ஆழம் வெட்டினான் என்பதை வைத்துத்தான் ஆளை மதிப்பார்கள். கிணறு வெட்டினாலும் அப்படித்தான், ஊருணி வெட்டினாலும் அப்படித்தான். பக்கத்து ஊர் பத்தடி என்றால் நம் ஊர் பதினொன்று.

"மாப்பிள்ளை, இம்புட்டுத்தானா? மாமியா வீட்டுச் சோறு செமிக்கலையா?" என்று முத்துராமலிங்கம் கரையிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னும் நாலடி இறங்குங்க. இந்த வட்டாரத்துல எவனும் வெட்டாத ஆழமா இருக்கணும்."

மாப்பிள்ளை இறங்கினார். வடகிழக்கு மூலையில் ஐம்பதுக்கு நாற்பது அடி அளவில் சுக்கானை உடைத்தார். பக்கெட் லேசானது. கை திடுக்கிட்டது. அன்றைக்கு அது என்னவென்று அவருக்குத் தெரியாது, மண் நெகிழ்ந்து கொடுக்கிறது, நல்லது என்று நினைத்தார். மாலையில் கிடா வெட்டி விருந்து. வீரையாவுக்குத் தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, மிசினுக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டி ஊருணி நிறைந்தது. தைப்பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போனவருக்கு முத்துராமலிங்கமே சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் நாக்கு கரித்தது, வீரையாவின் கைக்கு அந்த லேசான பக்கெட் ஞாபகம் வந்தது. மழைத்தண்ணீரின் பாரம் குறையக் குறைய அடிமணல் தன் உப்பை மேலே விட்டுக்கொண்டிருக்கிறது என்பது ஒரு மடக்கில் விளங்கிவிட்டது.

அன்று மத்தியானமே சண்முகவள்ளியிடம் சொன்னார். கை கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"யாருகிட்டயும் சொல்லீராதீக. எங்கண்ணன் ஊருக்குள்ள தலை நிமிர முடியாது. தலைப்பாகை கட்டிக்கிட்டவுகளை மட்டும் சும்மா விடுவாகளா?"

அவர் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் கெட்டால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டும். மாசியில் காளியம்மன் கோவில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பஞ்சம்மாள் செருப்போடு ஊருணிப் படியில் இறங்கியதைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். பஞ்சம்மாள் செம்மறி மேய்ப்பவள், ஒண்டிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம். "ஆமா, இறங்குனேன். சக்கரை வியாதிக்காரி, காலுல புண்ணு. ஆஸ்பத்திரியில குடுத்த கறுப்புச் செருப்பு இது. ஒரு நேரமும் கழட்டப்படாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். ஆத்தாள் கோபத்தால்தான் தண்ணீர் கரித்தது என்று ஊர் முடிவு கட்டியது. பஞ்சம்மாள் இனி ஊருணிப் படியில் கால் வைக்கக் கூடாது. முளைப்பாரி தூக்கக் கூடாது.

வீரையா இதைச் சித்திரையில் கேள்விப்பட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த அடுத்த தடவை ஏழு வருசமாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும், கரைமேல் நேராகப் போகிற பாதையை விட்டு, முள்ளுக்கு வெளியே சுற்றிக்கொண்டு மந்தையை ஓட்டிப் போகிற பஞ்சம்மாளைப் பார்ப்பார். அவள் "வாங்க மாப்பிள்ளை" என்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை முறுக்குவார்.

*

மறுநாள் ஆனி வெயிலில் வேன் செம்பொட்டல் கரையில் நின்றது. ஊருணி வற்றி, வடகிழக்கு மூலைக் குழியில் மட்டும் பச்சையாக ஒரு தேக்கம். வாசலில் விருந்தாளியை வரவேற்பதுபோல முத்துராமலிங்கம் வெள்ளை வேட்டியில் நின்றார். வந்தவர்களுக்குப் பஞ்சம்மாள் கதையை முதலிலிருந்து சொன்னார்.

"கட்டுப்பாடு போச்சுன்னாத் தண்ணியும் போச்சு. இதை எல்லாரும் எழுதிக்கங்க" என்று முடித்தார். ஒரு ஊராட்சிச் செயலர் மெய்யாகவே எழுதிக்கொண்டார்.

"செருப்பால உப்பு வருமாய்யா?" என்று கேட்டார் ஜெயப்பிரியா.

"செருப்பால வராதும்மா. ஆத்தா மனசு கோணுனா வரும்."

"சரி, ஆழம் எவ்வளவு?"

முத்துராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "பன்னெண்டு அடி! இந்த வட்டாரத்துலயே இதுதான் ஆழம். வெட்டுனது எங்க மாப்பிள்ளை. இந்தா, உங்க கூடத்தான் வந்து நிக்கிறாரு."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். ஜெயப்பிரியா கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "பன்னெண்டு. நம்ம திட்டத்துலயும் அதுதான்" என்று குறித்துக்கொண்டார்.

வீரையா அந்தப் பட்டியலையே பார்த்தார். பதினாலு ஊர். பதினாலு கட்டம். இவர் வெட்டாவிட்டாலும் கைதட்டிய அந்த இரண்டு பேர் வெட்டுவார்கள். பதினாலு ஊரில் பதினாலு பஞ்சம்மாளைத் தேடிப் பிடிப்பார்கள். எதிர்க்கரையில், முள்ளுக்கு வெளியே, உடைமரத்து நிழலில் இந்த ஊர்ப் பஞ்சம்மாள் ஆடுகளோடு நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரையா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார். காய்ந்த களியில் நடந்து குழியின் ஓரத்துக்குப் போய்க் கையாலேயே பறித்தார். வெளுத்த மணல் வந்தது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார், துப்பினார்.

"மேடம், இங்கன இறங்கி வாங்க. இதை நாக்குல வச்சுப் பாருங்க."

ஜெயப்பிரியா இறங்கி வந்தார். தயங்காமல் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது. "நல்ல உப்பு" என்றார்.

"இப்ப அந்த ஓரத்துக் களியைத் தொட்டு வைங்க."

வைத்தார். "உப்பில்லை."

"இது செருப்பு கெடுத்த தண்ணியில்ல மேடம். நான் கெடுத்தது. எட்டடியில களி இருந்துச்சு. அதுக்குக் கீழ சுக்கான். ரெண்டையும் உடைச்சு இந்த மணலைத் தொறந்துவிட்டது நான்தான். செம்பொட்டல்னு நேத்து எழுதுனதும் நான்தான்."

முத்துராமலிங்கம்தான் முதலில் வாய் திறந்தார். "மாப்பிள்ளை, வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா? மேல ஏறுங்க."

"ஏறுறேன் மச்சான். சொல்லி முடிச்சுட்டு ஏறுறேன். பதினாலு ஊருக்கும் பன்னெண்டு அடின்னு எழுதியிருக்கு. ஒரு ஊர்ல களி பத்தடி இருக்கும், ஒரு ஊர்ல அஞ்சடிதான் இருக்கும். குத்திப் பாக்காம இறங்குனா எல்லாம் இப்படித்தான் போகும்."

அதற்குள் பஞ்சம்மாள் முள்ளைச் சுற்றி நடந்து வந்துவிட்டாள். படிக்கு மேலே வந்து நின்றாள். இறங்கவில்லை. கறுப்பு ரப்பர் செருப்பு கரையின் விளிம்பில் அளவெடுத்த மாதிரி நின்றது.

"ஏன் மாப்பிள்ளை, இது உமக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?"

வீரையா நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் வெயில். "இல்ல அத்தை. ஏழு வருசமாத் தெரியும்."

"அப்ப மிசினு தேவலை. அதுக்கு வாயி கிடையாது. உமக்கு இருந்துச்சுல்ல?"

வீரையா மண்ணைக் கையிலிருந்து உதறினார்.

ஜெயப்பிரியா படியில் உட்கார்ந்து பட்டியலை மடியில் வைத்தார். ஏற்கெனவே மூன்று ஊர்களில் ஆழப்படுத்திய பிறகு தண்ணீர் கரித்ததாகத் தன்னிடம் குறிப்பு இருப்பதாகவும், ஏன் என்று யாரும் சொல்லவில்லை என்றும் சொன்னார். பேனாவை எடுத்துப் பதினாலு கட்டத்தையும் ஒவ்வொன்றாக அடித்தார். "இது மேலிடத்துல இருந்து வந்த கணக்கு. நானும் கேள்வி கேட்காம சுவத்துல ஒட்டுனேன். என் சீட்டுல நான் இதைத்தான் எழுதணும்" என்றார்.

இதைச் சரிபண்ண முடியுமா என்று வீரையா கேட்டார்.

"முடியலாம். உப்புத்தண்ணிய இறைச்சுட்டு, கண்மாய்க் களியக் கொண்டாந்து அரை அடி அரை அடியாப் போட்டு, ஈரத்தோட நல்லா மிதிக்கணும். உங்க பொக்லைன் ஏறி இறங்குனா சரியா மிதிபடாது. இதுக்குன்னு ஆட்டுக்கால் உருளைன்னு ஒண்ணு இருக்கு. இரும்பு உருளை, சுத்தி ஆட்டுக் குளம்பு மாதிரி முட்டு முட்டா இருக்கும். அது நம்ம கைக்கு எப்ப வருமோ தெரியாது."

"ஆட்டுக்கால் மாதிரி இரும்பு எதுக்கும்மா?" மேலேயிருந்து பஞ்சம்மாள் கேட்டாள். "ஆட்டுக்காலாவே நூத்தி எழுபத்திரெண்டு வச்சிருக்கேன்."

யாரோ விரல் விட்டு எண்ணி, நாற்பத்து மூன்று ஆடு என்றார்கள். ஜெயப்பிரியா கட்டிய தொண்டையோடு சிரித்தார். முத்துராமலிங்கம் சிரிக்கவில்லை. "ஊருணிக்குள்ள ஆட்டை இறக்கவா? ஊரு ஒப்பணும்" என்றார்.

*

வாவு முகம்மதுவுக்கு விசயம் வீரையாவுக்கு முன்னாலேயே கீழக்கரை போய்ச் சேர்ந்துவிட்டது.

"உன் வாய்க்குத்தான்யா முதல்ல ஒரு பக்கெட் மாட்டணும். பதினாலு ஊர்ல நாலு நாலு அடி வேலை போச்சே!" என்று கத்தினார். கத்தி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "எங்க வீட்டுக் கிணத்தையும் எங்க வாப்பா இப்படித்தான் ஆழமாக்குறேன்னு உப்பாக்கினாரு. ராசி கெட்டவன் கை பட்டுச்சுன்னு கிணறு வெட்டுன ஆளை வாசப்படி மிதிக்க விடலை. மவுத்தாகுற வரைக்கும் அவரு அதை மாத்திச் சொல்லவே இல்லை" என்றார். "அந்த ஊருணிய அடைக்க மிசினை எடுத்துட்டுப் போ. டீசல் உன்னோடது."

சண்முகவள்ளி ஒன்பது நாள் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள். பத்தாம் நாள், "எங்கண்ணன் போன் பண்ணுச்சு. வெள்ளிக்கிழமை கோவில் வாசல்ல கூட்டமாம். போங்க, போயி மிச்சத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டு வாங்க" என்றாள். போகும்போது தேய்த்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டத்தில் வீரையா அதையே திரும்பச் சொன்னார். ஏசினார்கள். "கிடா வெட்டிச் சோறு போட்டோமேடா" என்று ஒரு பெரியவர் அழாத குறையாகக் கேட்டார். ஆனால் ஏழு வருசமாகக் கேன் தண்ணீர் தூக்குகிற பெண்கள் பின்னால் நின்றார்கள். ஆட்டை இறக்குவதா என்று முத்துராமலிங்கம் கேட்டபோது, "ஆடு இறங்குனாத் தண்ணி வரும்னா ஆனையை வேணும்னாலும் இறக்குங்க" என்று அவருடைய மனைவியே சொன்னார்.

பஞ்சம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"ஆடு தாரேன். ஆனா மந்தை என் பின்னாடிதான் வரும், வேற ஆளு ஓட்டுனா மிதிக்காது, சிதறும். நான் படிவழியாத்தான் இறங்குவேன். செருப்போடதான் இறங்குவேன். ஊரு அங்கன நின்னு பாக்கணும்."

முத்துராமலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கக் கொஞ்சம் நேரமானது. "சரி, இறங்கு" என்றார்.

*

ஆடியில் பதினோரு நாள் வேலை. முதலில் உப்புத்தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். கண்மாயிலிருந்து டிராக்டரில் களி வந்தது. வீரையா பக்கெட்டால் அரை அடி கனத்துக்குப் பரப்புவார், தண்ணீர் தெளிப்பார்கள், பிறகு மிசினைக் கரையேற்றி நிறுத்திவிடுவார். பஞ்சம்மாள் "ட்ரியோ, ட்ரியோ" என்று நாக்கைத் தட்டிக்கொண்டு படியில் இறங்குவாள், பின்னால் நாற்பத்து மூன்றும் இறங்கும். மந்தை சுற்றிச் சுற்றி மிதிக்கும். களி பிசைந்த மாவு மாதிரி ஆகும்வரை விடமாட்டாள். ஜெயப்பிரியா இரண்டு தடவை வந்து ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தார். இரண்டாம் தடவை கம்பி இறங்க மறுத்தது.

முதல் நாள் செருப்போடு படியில் கால் வைத்தபோது பஞ்சம்மாள் ஒரு கணம் நின்று கரையைப் பார்த்தாள். கரைமேல் ஊர் நின்றது. அவள் அடுத்த படியில் காலை வைத்தாள். பிறகு அவளுக்கும் அது மறந்துவிட்டது, ஆட்டைத் திட்டுவதில் நேரம் போயிற்று.

வேலை முடிகிற அன்று ஜெயப்பிரியா ஒரு யோசனை சொன்னார். முப்பது வருசம் கழித்து ஒரு வறட்சி வரும், ஊர் புது மிசினைக் கூப்பிடும், அப்போது நம்மில் யாரும் இருக்க மாட்டோம். அந்த ஆபரேட்டருக்கு யார் சொல்வது? படிக்குப் பக்கத்தில் ஒரு கல் நடலாம் என்றார்.

கல் என்றதும் முத்துராமலிங்கத்துக்கு உயிர் வந்தது. "பேரு போடணும்ல? ஊர்த்தலைக்கட்டு எல்லாரு பேரும், மேல கொஞ்சம் பெரிசா..."

"கெடுத்தவன் பேரையும் போடுங்க" என்றாள் பஞ்சம்மாள், ஆட்டின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டே.

"ஏத்தா, ஒனக்கு வாய் அடங்காதா?"

"போடட்டும் மச்சான்" என்றார் வீரையா. "வெட்டாதேன்னு மொட்டையா எழுதுனா எந்த ஆபரேட்டரும் கேக்க மாட்டான். நானே கேட்டிருக்க மாட்டேன். வெட்டுனவன் ஒருத்தன் இருந்தான், அவன் பேரு இதுன்னு இருந்தா லீவரைப் பிடிச்ச கை கொஞ்சம் யோசிக்கும்."

கல்லில் இப்படி வெட்டினார்கள்: 'கடைசிப் படியிலிருந்து எட்டடியில் களி. அதற்குக் கீழே உப்பு. பொக்லைன் வீரையா பன்னிரண்டு அடி வெட்டி ஊருணி கரித்தது. ஆட்டுக்கால் மிதித்து அடைத்தோம். குத்திப் பார்க்காமல் வெட்டாதே.' முத்துராமலிங்கம் பெயர் எங்கும் இல்லை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

பயிற்சிச் சான்றிதழ் வீரையாவுக்குத் தபாலில் வந்தது. கூடவே ஒரு வேலையும் வந்தது. பட்டியலில் இருக்கிற பதினாலு ஊருக்கும் போய், கையால் சுற்றி இறக்கும் துளைக்கம்பியால் அடிமண்ணை எடுத்துப் பார்த்து, ஆழம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கீழே மணல், நடுவில் சுக்கான், மேலே களி என்று அந்தந்த ஊர் மண்ணையே அடுக்கி ஊராட்சி ஆபீஸ் அலமாரியில் வைக்கிறார். பாட்டிலின் மேல் அடிக்கணக்கு எழுதி ஒட்டுகிறார். எழுத்து கோணல்தான், எண் கோணலில்லை. மண்டபம் என்கிற கடலோர ஊருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அஞ்சடியிலேயே மணல் வந்தது. அங்கே ஆழத்தைக் கூட்டாமல், பக்கவாட்டில் அகலப்படுத்தச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஊர்க்காரர்கள், "ஆழம் வெட்டத் தெரியாத ஆளை அனுப்பிட்டாக" என்று ஜெயப்பிரியாவுக்கு மனு போட்டிருக்கிறார்கள்.

புரட்டாசியில் செம்பொட்டலில் முளைப்பாரி. பஞ்சம்மாளைத் தூக்கச் சொல்லி முத்துராமலிங்கமே வீட்டுக்குப் போய்க் கேட்டார். "ஏழு வருசம் சும்மா இருந்த தோளு, இப்பத் தூக்குனா வலிக்கும்" என்று அவள் சொல்லிவிட்டாள். மூட்டுவலியும் உண்டு என்கிறார்கள்.

ஐப்பசியில் மழை பெய்தது. ரொம்ப இல்லை, ஊருணி முக்கால் நிறைந்தது. மார்கழி வரைக்கும் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போன தடவையும் மார்கழி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. தையில்தான் தெரியும். இந்தச் சீமையில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து மட்டும் நம்ப மாட்டார்கள். துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றுவார்கள். உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது, கல்லாகக் கிடக்கும்.

இந்தத் தைப்பொங்கலுக்கு வீரையா மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. மிசின் ரிப்பேர் என்றார். சண்முகவள்ளி மட்டும் போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வீரையா குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"பஞ்சம்மா சின்னாத்தா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக" என்றாள் சண்முகவள்ளி. "பருப்பு வெந்துருச்சாம்."

வீரையா பாட்டிலை மூடினார்.

"ஆனா ரெண்டு மணி நேரம் ஆச்சாம். விறகுக் காசை மாப்பிள்ளை தரணும்னாக."